வீட்டுக் கணினியும் வட்டுச் சீர்திருத்தமும்

கணினி பெருநகரத்தார்க்கே உரிய பொருளாயிருந்த காலம் கழிந்தது. தேனியினின்றும் கம்பத்திற்குச் செல்லும் பெருவழியில், முல்லையாற்றங்கரையில் விளங்கும் வீரபாண்டி போன்ற ஊர்களிலும், நெல்வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவேயுள்ள எளிய இல்லங்களில் இன்று அதனைக் காண்கின்றோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசினர் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது இதற்கு ஒரு பெருங்காரணமாகும். அங்ஙனம் கிடைத்த கணினிகளுட் பல, அவற்றைப் பெற்ற மாணவர் கல்வி முடித்துத் தொழில் நாடிச் சென்ற பின்னும், தம்பி தங்கையர்க்கு உரிமையாகி அவ்வில்லங்களிலேயே உழைத்து வருகின்றன. ஆனால் முதுமை அவற்றையும் விட்டபாடில்லை. விசையை அழுத்திவிட்டு அடுப்பில் உலையேற்றித் திரும்பினாலும் திரை முற்றும் விளங்காத நிலையில் அவற்றுட் சில இருக்கின்றன.

இந்நிலையில் வீட்டார்க்கு அயலவர் கூறும் அறிவுரை ஒன்றே: "டீஃபிராக் செய்யுங்கள், அதற்கு நல்ல சாப்ட்வேர் ஒன்று வாங்கிப் போடுங்கள்" என்பது அது. சந்தையிலோ இப்பெயர் தாங்கிய கருவிகள் பல. விலைக்கு வருவன சில. விலையின்றி வருவன சில. விலையின்றி வந்து, வீட்டினுள் நுழைந்த பின்னர் விலை கேட்பன சில. இவற்றுள் எது சிறந்தது என்று நம் மாணாக்கர் அடிக்கடி வினவுகின்றனர். எமது கருத்தை முதற்கண்ணே வெளிப்படக் கூறிவிடுகின்றோம். இல்லத்துக் கணினியுடையார் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மேலும் ஒருவர்க்கும் இத்தகைய கருவியொன்றை வாங்கவேண்டும் கடமை இல்லை. வேண்டுவது கணினியிலேயே அமைந்து கிடக்கின்றது. அமையாத இடத்து அது வேண்டுவதுமில்லை. கருவியைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் பொழுதையும் பொருளையும் வேறொன்றிற்குச் செலவிடுதல் நன்று என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

சிதறல் என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். இதற்கு வீரபாண்டியார்க்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சித்திரைத் திங்களில் கௌமாரியம்மன் திருவிழா நிகழுங்கால் சுற்றுப்புறத்து ஊர்களினின்றெல்லாம் மக்கள் அக்கினிச் சட்டி ஏந்தவும் நேர்த்திக்கடன் செலுத்தவும் வந்து நிறைகின்றனர். முதல்நாளே வந்த குடும்பத்தார்க்கு ஒரே வீட்டில் இடங்கிடைக்கும். கூட்டம் பெருகிய பின்னர் வரும் எண்மர் கொண்ட குடும்பம் யாது செய்யும்? ஆற்றங்கரையோரத்து வீட்டில் மூவர், கடைவீதியில் இருவர், தோப்பிலிட்ட பந்தலில் ஒருவர், உறவினர் திண்ணையில் இருவர் எனப் பிரிந்து தங்கும். எவர் எங்கே உளர் என்று குடும்பத்துப் பெரியவர் ஒரு தாளிற் குறித்துக்கொள்வார். ஒருவரும் காணாமற் போகவில்லை. ஆயினும் அனைவரையும் ஒருங்கு அழைத்துக் கோயிலுக்குச் செல்லவேண்டுமாயின், அப்பெரியவர் அத்தாளைக் கையிற்கொண்டு நான்கிடங்களுக்கும் நடந்தே தீரவேண்டும்.

கணினியின் ஹார்ட் டிஸ்க் என்னும் வட்டிலும் இதுவே நிகழ்கின்றது. வட்டின் பரப்புச் சிறுசிறு அறைகளாக வகுக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் கணினிகளில் ஓரறை பெரும்பாலும் 4096 பைட் கொள்வது. புதிய வட்டில் ஒரு கோப்பு அடுத்தடுத்த அறைகளில் ஒழுங்காக அமரும். கோப்புகள் அழிக்கப்படுவதும் புதியன எழுதப்படுவதும் மாறிமாறி நிகழ, வெற்றிடங்கள் ஆங்காங்கே சிறுதுண்டுகளாகக் கிடக்கும். பின்னர் வரும் பெரிய கோப்பு அவ்வெற்றிடங்களிற் பிளவுபட்டு அமரும். எத்துண்டு எங்குள்ளது என்று ஓர் அட்டவணை இருத்தலால் கோப்பிற்குக் கேடு யாதுமில்லை. காலந்தாழ்தலே குறை. இத்துண்டுகளை ஒன்றுகூட்டி அடுத்தடுத்து இருத்துவதே டீஃபிராக் எனப்படும் சிதறல் நீக்கம்.

காலம் எவ்வளவு தாழும்? கணக்கிட்டே பார்ப்போம். மடிக்கணினியின் வட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு ஆகும். வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச்சுற்று, அஃதாவது ஐந்தரை மில்லி செகண்டு காத்திருத்தல் வேண்டும். முனை ஒரு வளையத்தினின்று மற்றொன்றிற்குப் பெயர ஏறத்தாழ 12 மில்லி செகண்டு. ஆக ஒரு தாவலுக்கு 18 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்ளலாம். திருவிழாவில் எடுத்த நிழற்படம் ஒன்று 4 மெகாபைட் அளவினது என்போம். செகண்டுக்கு 100 மெகாபைட் படிக்கும் வட்டில், அது ஒரே துண்டாயிருப்பின் தாவலோடு சேர்த்து 60 மில்லி செகண்டிற்குள் திரைக்கு வந்துவிடும். அதுவே நூறு துண்டாய்க் கிடப்பின் ஒன்றே முக்கால் செகண்டிற்கும் மேலாகும். அத்தகைய படம் ஐம்பதைத் தொடர்ந்து காண, முன்னதற்கு மூன்று செகண்டு. பின்னதற்கு ஒன்றரை நிமிடம். நூறு துண்டு என்பது மிகைப்பட்ட கணக்கே. நோயின் இயல்பு விளங்கும்பொருட்டுக் கூறினோம்.

இக்கணக்கே மற்றோர் உண்மையையும் காட்டுகின்றது. துண்டுகள் பெரியனவாயின் தாவல் ஒரு பொருட்டன்று. 64 மெகாபைட் அளவுள்ள ஒரு துண்டைப் படிக்க அரைச்செகண்டிற்கு மேலாகும்போது, அதற்கு முன் நிகழும் 18 மில்லி செகண்டுத் தாவல் நூற்றில் மூன்று பங்கினும் குறைவு. ஆதலின் ஒரு திரைப்படம் இருபது துண்டாய்க் கிடந்தாலும் காண்பவர்க்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் தன்னகத்தே கொண்ட கருவி 64 மெகாபைட்டிற்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடாது விட்டுவிடுதற்குக் காரணம் இதுவே. விலைக்கு வரும் கருவிகளோ அத்துண்டுகளையும் எண்ணி, "உம் கணினியில் இத்துணை ஆயிரம் சிதறல்கள்!" என்று செந்நிற எழுத்தில் அச்சுறுத்துவதுண்டு. எண் மெய்யாயிருக்கலாம்; அச்சத்திற்குத்தான் இடமில்லை.

இக்கருவிகளின் வரலாறும் அறியத்தக்கதே. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது சுழன்றன. அவையனைத்தும் சேர்ந்து கொண்டவை ஐம்பது லட்சம் எழுத்துகளே. இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் படத்திற்கும் அது பற்றுமோ என்பது ஐயம். பின்னர் வீட்டுக் கணினிகள் பெருகிய காலத்தில் எம்.எஸ். டாஸ் முறை, முதலில் தென்பட்ட வெற்றறையிலேயே எழுதிச் செல்லும் இயல்பினதாகையால் சிதறல் மலிந்தது. அக்காலத்தில் இதற்கெனத் தனிக்கருவி விலைக்கு வாங்குதல் அறிவுடைமையே. 1993இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 6 சிமாண்டெக் நிறுவனத்தாரிடம் உரிமை பெற்ற கருவியொன்றைத் தன்னுடனேயே தந்தது. விண்டோஸ் 95இலும் கருவி உடனிருந்தது. வண்ணச் சதுரங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்வதை மணிக்கணக்காகக் கண்டிருந்தவர் பலர். அது கண்ணுக்கு ஒரு விருந்தாகவே இருந்தது என்பதை மறுக்கமாட்டோம். விண்டோஸ் 2000இல் அமைந்தது, டிஸ்கீப்பர் என்னும் விலைக் கருவியின் சுருங்கிய வடிவம்.

2007இல் பொதுமக்கட்கு வந்த விஸ்டா இவ்விருந்தை நிறுத்திவிட்டது. வண்ணப்படம் மறைந்தது; வாரம் ஒருமுறை, வீட்டார் உறங்கும் வேளையில், தானே இப்பணியைச் செய்யும் ஏற்பாடு வந்தது. படத்தைக் காணாதவர்கள் பணியும் நடைபெறவில்லை என்று கருதினர் போலும். வெளிக்கருவிகளின் வாணிகம் அதன்பின்னும் தழைத்ததற்கு இம்மயக்கமும் ஒரு காரணம் என்று எமக்குத் தோன்றுகின்றது. வேலைக்காரர் வியர்வையைக் கண்டாலன்றிக் கூலிகொடுக்க மனமிசையாதவர் வயலிலும் உளரன்றோ?

இதுகாறும் கூறியது சுழலும் வட்டைப் பற்றியது. இக்காலத்துக் கணினிகளிற் பெரும்பாலனவற்றில் சுழல்வது யாதுமில்லை. எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் தட்டும் இல்லை, முனையும் இல்லை; மின்னணுச் சில்லுகளே உள்ளன. எவ்வறையைக் கேட்பினும் பத்தில் ஒரு மில்லி செகண்டு அளவிலோ அதனினும் விரைவாகவோ விடை வரும். மீண்டும் திருவிழாவிற்கே செல்வோம். அவ்வெண்மர் கையிலும் கைப்பேசி உளதாயின் பெரியவர் நடப்பானேன்? திண்ணையில் இருந்தவாறே ஒவ்வொருவரையும் அழைத்துவிடலாம். எவர் எங்குத் தங்கினும் அவர்க்கு ஒன்றே. சிதறல் இருக்கலாம், சிதறலால் வரும் இடர் நீங்கிற்று.

அதுமட்டுமன்று. அச்சில்லுகளை அழித்து அழித்து எழுதுதற்கு ஓர் எல்லையுண்டு. அதனாலேயே அச்சேமிப்பகத்தினுள் அமைந்த கட்டுப்படுத்தி, தேய்மானம் ஓரிடத்தே குவியாதபடி, எழுதுவனவற்றை எல்லாவிடத்தும் பரப்பிவைக்கின்றது. கணினிக்கு அடுத்தடுத்த அறைகள் என்று தோன்றுவன உள்ளே அடுத்தடுத்தவையாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இத்தகைய சேமிப்பகத்தில் வெளிக்கருவி கொண்டு நாள்தோறும் கோப்புகளை இடம்பெயர்ப்பது, பயனின்றித் தேய்மானத்தை வளர்ப்பதேயாகும். 2009இல் வந்த விண்டோஸ் 7, எஸ்.எஸ்.டி. என்று கண்டவிடத்துச் சிதறல் நீக்கும் பணியைத் தானே நிறுத்திக்கொண்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 அக்கருவிக்கு ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று புதுப்பெயரிட்டு, சேமிப்பகத்தின் இனமறிந்து அதற்கேற்ற பணி செய்யுமாறு அமைத்தது. சுழலும் வட்டாயின் துண்டுகளைக் கூட்டும். எஸ்.எஸ்.டி. ஆயின் டிரிம் என்னும் குறிப்பை அனுப்பும். அஃதாவது, "இவ்வறைகளில் இருந்தோர் போய்விட்டனர், பெருக்கி வைத்துக்கொள்க" என்று வீட்டுக்குடையவர்க்கு அறிவிப்பது போன்றது. சிஸ்டம் ரெஸ்டோர் என்னும் பாதுகாப்பு இயங்கும் கணினிகளில், எஸ்.எஸ்.டி. ஆயினும் திங்களுக்கொருமுறை அளவில் சிறிது சிதறல் நீக்கத்தையும் விண்டோஸ் தானே செய்துகொள்கின்றது. துண்டுகள் வரம்பு கடந்து பெருகின் அட்டவணைக்கே இடர் விளையுமாதலின். இத்துணை நுட்பம் உள்ளிருந்து காப்பவனுக்கே தெரியும். ஆதலின் எஸ்.எஸ்.டி. உடையவர் அவ்வேற்பாட்டை முற்றும் அணைத்துவிடவேண்டும் என்று சிலர் கூறும் அறிவுரையையும் யாம் ஏற்கவில்லை.

எனவே கருவியைத் தேர்வதற்கு முன் வட்டைத் தேர்ந்து அறிக. இது கடினமன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தேடுமிடத்தில் டீஃபிராக் என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்னும் பலகை தோன்றும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே, அது ஹார்ட் டிஸ்க்கோ சாலிட் ஸ்டேட்டோ என்று எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் ஆயின் சிதறல் நூற்றுக்கு எத்துணை என்பதையும் அப்பலகையே கூறும். பத்துக்கு மேற்பட்டால் ஆப்டிமைஸ் என்னும் பொத்தானை அழுத்துக, அவ்வளவே. இதற்கு முன் வட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். நிறைந்த சத்திரத்தில் ஒருவரை இடம்மாற்ற மற்றொருவர் எழுந்து நிற்கவேண்டுமன்றோ? வெற்றிடம் இல்லாதவர்க்கு, பழைய படங்களையும் வேண்டாத நிரல்களையும் அகற்றுதலே சிதறல் நீக்கத்தினும் சிறந்த சீர்திருத்தம்.

இனி மறுதரப்பார் கூறுவதையும் கேட்போம். வெளிக்கருவிகள், உட்கருவி செய்யாத சிலவற்றைச் செய்கின்றன என்பது மெய்யே. அடிக்கடி வேண்டும் கோப்புகளை வட்டின் வெளிவளையங்களில் இருத்துவது அவற்றுள் ஒன்று. வெளிவளையம் நீளமாதலின் ஒரு சுற்றில் மிகுதியான செய்தி முனையின் கீழ்ச் செல்லும். ஆங்குப் படிப்பு விரைவுபடும் என்பதில் ஐயமில்லை. ஒரு கோப்பை மட்டும் தனியே எடுத்துச் செம்மைப்படுத்துவது மற்றொன்று. திருமண வீடியோக்களைத் தொகுக்கும் தொழிலுடையார், பெரிய சுழல்வட்டுகளையே நம்பியிருப்பாராயின், இவற்றால் ஓரளவு பயனடையலாம். அவர்க்கும் விலை கொடுக்கவேண்டும் கட்டாயமில்லை. மார்க் ருசினோவிச் என்பார் ஆக்கிய கான்டிக் என்னும் சிறுகருவி ஒற்றைக் கோப்பின் சிதறலை நீக்கவல்லது. அவர்தம் சிஸ்இன்டர்னல்ஸ் 2006இல் மைக்ரோசாப்ட்டின் கைக்கு வந்தது. அக்கருவியை அந்நிறுவனத்தார் தம் தளத்திலேயே விலையின்றித் தருகின்றனர். அழகிய பலகை அதற்கில்லை; கட்டளையை எழுத்தாலேயே இடவேண்டும். ஏனைய இல்லத்தார்க்கு, வெளிவளையத்தால் வரும் ஊதியம் கைக்கடிகாரத்தால் அளக்கவும் ஆகாத அளவினதே.

அச்சிறு ஊதியத்தின் எதிரே நிற்கும் இடரையும் சீர்தூக்குதல் வேண்டும். சிதறல் நீக்கும் கருவி வட்டின் ஒவ்வோர் அறையையும் தொடும் உரிமை பெற்றது. அதற்கு வீட்டின் எல்லாச் சாவியும் கொடுத்தாகவேண்டும். அறியாத ஒருவர்க்கு எல்லாச் சாவியும் கொடுப்பாருளரோ? அறிந்தவராயினும் ஏமாற்றம் நேர்தல் கூடும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. டிஃப்ராக்லர் என்னும் பெயர்பெற்ற சிதறல் நீக்கியை ஆக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தாரின் மற்றொரு கருவி சிகிளீனர் என்பது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த அதன் பதிப்பொன்றினுள், ஆக்கியோர் அறியாவண்ணம், கயவர் தீய நிரலைப் புகுத்திவிட்டனர். நிறுவனத்தாரின் சொந்தத் தளத்தினின்றே முறையாக இறக்கிக்கொண்டவர்களும் அதற்கு இரையாயினர். ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அப்பதிப்பு ஏறியிருந்தது. நற்பெயருடையார் திறத்திலேயே இவ்வாறாயின், யாரோ பென் டிரைவில் வைத்துத் தரும் பூட்டுடைத்த பதிப்புகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விலையில்லாக் கணினிகளிற் பல இன்னும் இவற்றையே கொண்டு நடப்பன. காவல் குன்றிய வீட்டிற்குப் புதியவரை அழைத்தல் இரட்டைத் தவறாகும்.

நிற்க. கணினி மெலிவதற்கெல்லாம் சிதறலே காரணம் என்று கொள்வதும் பிழை. பழைய மடிக்கணினிகளிற் பலவற்றில் நினைவகம் 2 ஜி.பி. அளவே. இக்காலத்து இணைய உலாவியைத் திறந்த அளவில் அது நிரம்பிவிடும். நிரம்பியதும் கணினி, நினைவிற் கொள்ளவேண்டியதை வட்டில் எழுதியும் மீட்டும் அல்லற்படும். வட்டு இடைவிடாது முனகுவதைக் கேட்ட வீட்டார், வட்டிலேதான் பிணி என்று கருதிச் சிதறலை நீக்குகின்றனர், பிணியோ வேறிடத்தது. கணினி திறக்கும்போதே தாமாக எழுந்து ஓடும் நிரல்கள் பத்துப் பன்னிரண்டு இருப்பதும், காற்றுப்போக்கியிற் புழுதியடைந்து வெப்பம் மிகுவதும் பிற காரணங்கள். இவையொன்றையும் டீஃபிராக் தீர்க்காது.

யாம் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. வட்டு பழுதுற்று இறக்கும் தறுவாயில் இருக்கும்போதும் கணினி மெலிந்தே நடக்கும். "டக், டக்" என்னும் ஒலி கேட்பதும், ஒரு கோப்பைத் திறக்கையில் கணினி உறைந்து நிற்பதும், நேற்றிருந்த கோப்பு இன்று படிக்கவொண்ணாததாவதும் அதன் அறிகுறிகள். அவ்வேளையிற் சிதறல் நீக்கம் தொடங்குவது, மூச்சிரைக்கும் முதியவரை மலையேறச் சொல்வதையொக்கும். வட்டின் ஒவ்வொரு மூலையையும் படித்து எழுதும் அவ்வுழைப்பே அதன் இறுதி உழைப்பாகிவிடலாம். அவ்வட்டில் இருப்பன யாவை? அண்ணனின் மதிப்பெண் பட்டியல், தங்கையின் சாதிச் சான்றிதழ், முடியுந்தறுவாயிலுள்ள ஆய்வேடு, மறைந்த பாட்டனாரின் ஒரே நிழற்படம். இவற்றிற்கு வேறு படி எவ்வில்லத்தில் உளது? நாலைந்து செகண்டு மிச்சப்படுத்தப் போய் இவற்றை இழத்தல் எத்துணைக் கொடிது! இவ்வறிகுறி கண்டவிடத்து முதற்பணி படியெடுத்தலே. அதன்பின் வட்டை மாற்றுதல். சீர்திருத்தம் அங்கே பொருந்தாது.

தவறுதலாக ஒரு படத்தை அழித்துவிட்டவர்க்கும் இதே எச்சரிக்கை. சுழலும் வட்டில், அழித்த கோப்பின் அறைகள் மறு எழுத்து விழும்வரை பழைய செய்தியோடே கிடக்கும். வல்லுநர் அதனை மீட்டுத்தருதல் கூடும். சிதறல் நீக்கியை ஓடவிட்டாலோ, வேறு கோப்புகள் அவ்வறைகளிற் குடியேறி, மீட்சிக்கு வழியே இல்லாமற் செய்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் சென்றபின் அம்மீட்சியை எதிர்பார்த்தலும் பெரும்பாலும் வீண்.

ஆதலின் கருவி வாங்குதற்கென்று கையிற் பணம் எடுத்தவர்க்கு யாம் கூறுவது இது. அப்பணத்தோடு இன்னுஞ் சிறிது சேர்த்து, முதலில் ஒரு வெளிவட்டோ நல்ல பென் டிரைவோ வாங்கி, இன்றியமையாதவற்றிற்குப் படி எடுத்து, கணினியினின்று பிரித்துத் தனியே வைத்திடுக. அடுத்து, பொருள் இசைந்த காலத்து, பழைய சுழல்வட்டை அகற்றி அவ்விடத்தே எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துக. பழைய மடிக்கணினிகளின் இரண்டரை அங்குல இடத்தில் அது செவ்வனே அமையும். திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம். 18 மில்லி செகண்டுத் தாவல் பத்தில் ஒன்றாவதற்கும் கீழே, நூற்றில் ஒன்றாவதற்கும் கீழே இறங்கிவிடும். எந்தச் சிதறல் நீக்கியும் இதிற் கால்பங்கும் தரவல்லதன்று. நினைவகம் 2 ஜி.பி. ஆயின் அதனை 4 ஆக உயர்த்துதலும் உடன் செய்யத்தக்கது.

வாங்குதற்கு வழியில்லாதவர்க்கு லினக்ஸ் என்னும் மற்றொரு வழி உண்டு. சி-டாக் நிறுவனத்தார் நம் நாட்டிலேயே ஆக்கிய பாஸ் லினக்ஸ் உள்ளிட்ட இவ்வின முறைகள் விலையின்றிக் கிடைப்பன. இவற்றில் வழங்கும் கோப்புமுறை, கோப்புகளைத் தொடக்கத்திலேயே இடைவெளி விட்டுப் பரப்பி எழுதுவதால் சிதறல் மிகுவது அரிது. வட்டு நிறைந்து வழியாதவரையில் சிதறல் நீக்கியை நாடவேண்டிய வேளையே பெரும்பாலும் வாராது. பழகுதற்குச் சில நாள் ஆகும் என்பதும், சில விண்டோஸ் நிரல்கள் அதில் ஓடா என்பதும் குறைகள். எழுத்து வேலைக்கும் படிப்பிற்கும் அது போதியதே.

விண்டோஸிலேயே சுழல்வட்டோடு தொடர்வோர் ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். உட்கருவி தானே வாரந்தோறும் ஓடும் என்றோம். ஆனால் அது கணினி விழித்திருந்து, எவரும் தொடாதிருக்கும் வேளையையே நாடும். மின்னிணைப்பில்லாமற் பாட்டரியில் ஓடும்போது தொடங்காது. மாலையில் ஒருமணி நேரம் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவைக்கப்படும் வீட்டுக் கணினிக்கு அத்தகைய வேளை வாய்ப்பது அருமை. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பலகையில், கடைசியாக அப்பணி நிகழ்ந்த நாளும் எழுதியிருக்கும். அந்நாள் பல திங்களுக்கு முற்பட்டதாயின், ஒரு விடுமுறை நாளில் மின்னிணைப்புத் தந்து, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குச் செல்லலாம். இடையில் மின்சாரம் போய்விடுமோ என்று மயங்க வேண்டுவதில்லை. இக்காலத்து விண்டோஸ், ஒரு துண்டைப் புதிய இடத்தில் முற்றும் எழுதிய பின்னரே அட்டவணையைத் திருத்துகின்றதாதலின், வேலை நின்றாலும் கோப்பு நிற்கும். எஞ்சியதை மற்றொரு நாள் தொடர்ந்துகொள்ளலாம்.